தராசுக்குத் தெரிந்த வானொலி

பழனியாத்தாளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் அசட்டுத்தனத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். அவரைப் பற்றி ஒரு பக்கம் வந்தது, என்னைப் பற்றி ஐந்து பக்கம் வந்தது. போகட்டும் என்று சேர்த்தே எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவிநாசியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற நல்லிக்காட்டுப்புதூரில் பால் எடுக்கும் நிலையம் நடத்துகிறார். நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுச் சாய்ப்பு ஒன்று, அதில் ஒரு எலக்ட்ரானிக் தராசு, நான்கு அலுமினிய கேன், ஒரு மரப்பெஞ்சு. காலையும் மாலையும் ஊர்ப் பெண்கள் தூக்குப்போசியில் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இவர் எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பால் கம்பெனி வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போகும். கணவர் லாரியில் வடக்கே ஓடுகிறவர். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாளும் தூங்குவார். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்தச் சாய்ப்பில் நின்றுதான். பதினான்கு வருடமாக, "பழனியாத்தா நிறுத்தா நிறுத்ததுதான், மறுபேச்சு கிடையாது" என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்தான் அவருடைய தொழிலுக்கு முதல். அதில்தான் நான் கை வைத்தேன்.

என் பெயர் நஸ்ரியா. ஊர் போத்தனூர். அத்தா அப்துல் வஹீது கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டவர். நிக்காஹ் நேரத்தில் ஸ்பீக்கர் கொர்ரென்று இரைந்தால் மாப்பிள்ளைக்கு முன்னால் அவருக்குத்தான் வியர்க்கும். அந்த வீட்டில் பிறந்த பாவத்துக்கு நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தேன். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிறகு இந்த ஊருக்கு வந்தேன். இங்கே வெங்கடபதி என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். ஓடாமல் கிடந்த தன் பஞ்சு மில் வளாகத்தில் விவசாயிகளுக்காக ஒரு சமுதாய வானொலி தொடங்க அனுமதி வாங்கியிருந்தார். பெயர் மேகாத்து எஃப்.எம். டவர் நிறுத்தி, ஆண்டெனா மாட்டி, ஒலிபரப்பை ஓட வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

வந்த முதல் வாரமே ஊரில் என்னை "இஞ்சினியரம்மணி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "நான் இன்ஜினியர் இல்லீங்க, டிப்ளமோதான்" என்று பத்துப் பேரிடம் திருத்தினேன். பதினோராவது ஆளிடம் சும்மா இருந்துவிட்டேன். இரண்டாவது மாதத்தில் நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் டிரான்ஸ்மிட்டர் ஐம்பது வாட்தான். ஒரு மின்விசிறி இழுக்கிற மின்சாரம்கூட இல்லை. ஆனால் மின்விசிறி தன் காற்றைத் தன் அறைக்குள் வைத்துக்கொள்ளும். டிரான்ஸ்மிட்டர் அப்படி இல்லை. ஒழுங்காக நிறுவாவிட்டால் பக்கத்து வீட்டு டிவியில் கோடு கிழிக்கும், ஃபோனில் இரையும், கோயில் ஆம்ப்ளிஃபயரில் புகுந்து உறுமும். நம் அலை நம் அலைவரிசையில் மட்டும் போக வேண்டும், அடுத்தவர் கருவிக்குள் நுழையக் கூடாது. இந்த வேலையில் பாதி இதுதான். அத்தாவின் ஸ்பீக்கர் இரைச்சலோடு வளர்ந்தவள் என்பதால் இதில் எனக்கு ஒரு வெறியே உண்டு. எர்த் குழி ஒன்று போதும் என்றார்கள், நான் மூன்று தோண்டினேன். அடுப்புக்கரியும் உப்பும் போட்டு நிரப்பினேன். உபரி அலைகளை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று தனியாக வாங்கிப் பொருத்தினேன். முப்பது மீட்டர் டவரில் நானே ஏறி ஆண்டெனாவை மாட்டினேன். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. நான்கு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் மப்பு ஏறும். இறங்கும்போது தேவையில்லாமல் ஒரு கையை விட்டுவிட்டு இறங்கினேன்.

டவர் எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரு சின்ன விஷயம். வளாகத்தின் மேற்கு மூலையில், டிரான்ஸ்மிட்டர் அறையை ஒட்டி, யார் வீட்டுக்கும் அருகில்லாத இடத்தில்தான் என் வரைபடத்தில் இருந்தது. வெங்கடபதி அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்குதுங்க அம்மணி. அந்தப் பக்கம் நம்ம காரு நிக்குது. பரவாயில்லீங்க. வேண்டாம்னு நான் சொல்லலீங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செஞ்சுபோடலாமுங்க."

இந்தப் பக்கத்து மனிதர் "வேண்டாம்னு சொல்லலீங்க" என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. வரைபடத்தில் டவரைக் கிழக்குச் சுவர் ஓரமாக நகர்த்தினேன். டிரான்ஸ்மிட்டர் அறையிலிருந்து கேபிளை இப்போது வளாகத்தின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதற்கென்று நீளமாக வாங்கிய கேபிளில், வந்த பிறகு பார்த்தால் பதினைந்து மீட்டர் மிச்சம். வெட்டி, முனையில் புதிதாக கனெக்டர் போட வேண்டும். கனெக்டர் கோயமுத்தூரில் கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும், திறப்பு விழாவோ நான்கு நாளில். மிச்சக் கேபிளை வளையமாகச் சுருட்டிக் கிழக்குச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். விழா முடிந்து சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். விழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். கேபிள் மறந்துபோயிற்று.

அந்தக் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பழனியாத்தாளின் சாய்ப்பு இருந்தது.

ஒலிபரப்பு காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை ஐந்து முதல் எட்டு வரை. பால் ஊற்றும் நேரமும் அதேதான். விவசாயிகள் விழித்திருக்கும் நேரம் பார்த்து நாங்களே வைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் பக்கத்தில் "இடையூறு புகார்ப் பதிவேடு" என்று தலைப்பு எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தேன். நாற்பத்து மூன்று வீடு. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: எங்கள் ரேடியோ வந்த பிறகு உங்கள் டிவி, ஃபோன், எதிலாவது தொந்தரவு உண்டா?

"ஒண்ணுமே இல்லீங்க அம்மணி. காப்பி குடிங்க."

நாற்பத்து மூன்று வீட்டிலும் இதே பதில். பத்தொன்பது காப்பி குடித்தேன். ஒரு வீட்டில், "டிவி இப்பவெல்லாம் நாங்க பாக்கறதே இல்லீங்க, உங்க ரேடியோதான்" என்றார்கள். மனசு குளிர்ந்துபோயிற்று. டிவியில் கோடு கோடாக வருவதால் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போது உறைக்கவில்லை. வெற்று நோட்டை வெங்கடபதியிடம் காட்டி, "ஒரு புகார்கூட இல்லை சார்" என்று சொன்னபோது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பழனியாத்தாளும் காப்பி கொடுத்தார். டம்ளரைக் கையில் தந்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னார்:

"நீங்க வெடியால ஆறு மணிக்கு ஆரம்பிச்சீங்கன்னா, எங்க தராசுக்குக்கூடத் தெரிஞ்சு போகுதுங்க அம்மணி."

எப்பேர்ப்பட்ட பாராட்டு! ஒரு நேயர் இதைவிட அழகாக என்ன சொல்லிவிட முடியும்? "அக்கா, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்று ஃபோனை நீட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அதையே திருப்பிச் சொன்னார். பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்து, நிலைய விளம்பரமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை ஒலிபரப்பினேன். மொத்தம் நாற்பது நாள்.

அந்த நாற்பது நாளில் ஊரில் ஒரு விசித்திரம் நடந்தது. மாடுகள் வற்ற ஆரம்பித்தன. பால் ஊற்ற வருபவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். எதிரே பார்த்து விசாரித்தால், "மாடு வத்திப்போச்சுங்க" என்றார்கள். பாவாத்தாள் என்று ஒருவர், ஊரிலேயே அதிகம் கறவை வைத்திருப்பவர். அவருடைய ஆறு மாடும் ஒரே வாரத்தில் வற்றிவிட்டன. மொத்தம் இருபத்தாறு வீட்டு மாடு. கன்று போட்டு ஒரு மாதமான மாடும் வற்றியது. நிலையத்தில் நூற்று எண்பது லிட்டர் சேர்ந்த இடத்தில் ஐம்பது லிட்டர்கூடத் தேறவில்லை. மாதக் கடைசிக்குள் நூறு லிட்டர் ஏறாவிட்டால் வண்டி இந்த வழியாக வராது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வண்டி நின்றால் நிலையம் மூடிய மாதிரிதான்.

நான் சமுதாய வானொலிக்காரி. சமுதாயத்தில் மாடு வற்றினால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? "கறவை மாடுகள் திடீரென்று வற்றுவது ஏன்?" என்று தொடர் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். கால்நடை மருத்துவர் ஒருவரைப் பிடித்துப் பேச வைத்தேன். அவரும் பாவம், தீவனம், தாது உப்பு, வெயில் என்று மூன்று நாள் பேசினார். நான்காவது நாளுக்கு, பாதிக்கப்பட்டவர் குரல் வேண்டும் என்று ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பழனியாத்தாளிடம் போனேன்.

மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம். சாய்ப்பில் வேறு யாருமில்லை. தராசின் மேல் ஐந்து கிலோ இரும்புக் கல் ஒன்று வைத்திருந்தது. பழனியாத்தாள் அதிலிருந்து ஆறடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். 5.000 என்று காட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கல்லை நிறுக்கறீங்க?"

"சும்மாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதிர்வீட்டு ரேடியோவில் எங்கள் நிலைய இசை தொடங்கியது. ஐந்து மணி. தராசில் எண் துள்ளியது. 4.862. 4.858. மறுபடி 4.862.

எனக்குக் கண்ணில் கோளாறோ என்று எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். 4.710.

"அம்மணி, சித்த தள்ளி நில்லுங்க," என்றார் பழனியாத்தாள்.

தள்ளி நின்றேன். 4.862. கிட்டே போனேன். 4.710. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு மேலே, நான் அடித்த ஆணியில், என் பதினைந்து மீட்டர் கேபிள் சுருள் பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆண்டெனா வழியாக வானத்துக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு, கேபிளின் வெளித்தோல் வழியாகத் திரும்பி வரும். அதற்கு நேரான வழியும் நல்ல எர்த்தும் கொடுத்தால் மண்ணுக்குள் போய்விடும். சுருட்டித் தொங்கவிட்டால் அந்தச் சுருளே சுற்றியிருக்கிற எல்லாவற்றின் மேலும் அலையை வீசும். எலக்ட்ரானிக் தராசுக்குள் எடையை உணர்கிற மின்சாரம் மிக மெல்லியது. இந்த அலை அதற்குள் புகுந்தால் எண் மாறும். அருகில் ஒரு மனித உடல் வந்தால், கையில் ஒரு எவர்சில்வர் போசி இருந்தால், இன்னும் மாறும். இதெல்லாம் இரண்டாம் வருடப் பாடம். நான் எழுபத்தெட்டு மார்க் வாங்கிய பாடம்.

நிலையத்துக்கு ஃபோன் போட்டேன். அறிவிப்பாளர் பிந்து எடுத்தாள். "டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணு" என்றேன். "பாட்டு ஓடிட்டு இருக்குதுங்களே மேடம்" என்றாள். "பண்ணு!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ரேடியோ இரைந்தது. தராசில் 5.000. போடச் சொன்னேன், 4.862. அணைக்கச் சொன்னேன், 5.000. மூன்று தடவை. அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மாதம் இங்கே என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. பால் ஊற்றியவள் எடை குறைகிறதே என்று சந்தேகப்பட்டுக் கிட்டே குனிந்து பார்த்திருப்பாள். எண் இன்னும் குறைந்திருக்கும். பழனியாத்தாள் "தள்ளி நில்லுங்க" என்று சொல்லியிருப்பார். எடை காட்டாமல் ஒளிக்கிறாள் என்று அவள் நினைத்திருப்பாள். நினைத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். மரியாதைக்காரர்கள் ஆயிற்றே. மாடு வற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போய்விட்டார்கள். நான் அந்த மாடுகளுக்கு மருத்துவரை வைத்து வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரேடியோவாலதான்னு உங்களுக்கு எப்போங்க்கா தெரியும்?"

"மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சுங்க. தராசுக்காரரைக் கூட்டியாந்து காட்டினேன். அவரு வந்தது மத்தியானம். தராசு சரியாத்தான் இருக்குதுன்னு போயிட்டாரு. அப்புறம்தான் மணி பாத்தேன். நீங்க பாடினா குறையுது, நீங்க நிறுத்தினா சரியாவுது."

"அப்புறம் ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னனுங்களே அம்மணி. நீங்க ரேடியோவுல போட்டீங்க."

பழனியாத்தாள் கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார். "பொம்பளை ஒண்டியா அத்தனை ஒசரம் ஏறி மாட்டினீங்க. ஊருக்குள்ள ஒரு நல்லது வந்திருக்குது. என்னால அது நின்னு போச்சுன்னா நல்லா இருக்குமுங்களா? அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க," என்றார். சம்பளம் கொடுக்கிறவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசியது எனக்குச் சட்டென்று புரிந்தது. காப்பி கொடுத்தவர் பேசியது மட்டும் புரியவில்லை. அதைவிட அசிங்கமான ஒன்றை என்னைப் பற்றி நான் கண்டுபிடித்ததில்லை.

இரண்டு நாள் ஒலிபரப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டு வேலையில் இறங்கினேன். கனெக்டர் எப்போதோ வந்து மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. மிச்சக் கேபிளை வெட்டினேன். சுவரை விட்டுத் தள்ளிப் பள்ளம் தோண்டி, குழாய்க்குள் கேபிளை நேராகப் போட்டேன். டவரின் காலடியில் அதன் வெளித்தோலை எர்த்தோடு சேர்த்துக் கட்டினேன். திரும்பி வரும் அலையைத் தடுக்கிற ஃபெரைட் வளையங்களை இரண்டு முனையிலும் கோத்தேன். தராசின் வயரிலும் ஒன்று மாட்டினேன். இரண்டு நாள் வேலை. திறப்பு விழாவுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய இரண்டு நாள். டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தேன். ஐந்து கிலோ கல் ஐந்து கிலோவாகவே இருந்தது. குனிந்தேன், போசியை நீட்டினேன், தராசைச் சுற்றி வந்தேன். எண் அசையவில்லை.

தராசைச் சரிசெய்தாயிற்று. பெயரை எப்படிச் சரிசெய்வது? ரேடியோவில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வெங்கடபதியிடம் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்ல வேண்டாம்னு நான் சொல்லலீங்க அம்மணி…"

"ரொம்ப நன்றிங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த ஒரு தடவை புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

மாலையில் நானே மைக்கில் பேசினேன். பதினோரு நிமிடம். சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? கேபிள், எர்த், அலை, தராசு என்று பாடம் நடத்தி, தவறு முழுவதும் என்னுடையது, பழனியாத்தாள் அக்காவின் நிறுவையில் எந்தக் குறையும் இல்லை என்று முடித்தேன். மறுநாள் காலை சாய்ப்புக்குப் போய் நின்றேன். ஒரு போசிகூட வரவில்லை.

வழியில் பாவாத்தாளைப் பிடித்தேன். "நேத்து ரேடியோ கேட்டீங்களாங்க?"

"கேட்டனுங்க. ரொம்ப நல்லாப் பேசினீங்க. ஆனா எங்க மாடு நெசமாலுமே வத்தித்தான் போச்சுங்க," என்று சொல்லிவிட்டு, துண்டு போட்டு மூடிய போசியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

அப்போதுதான் நான் போட்ட முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்தது. யாரும் பழனியாத்தாளைத் திருடி என்று சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் திரும்ப வந்து, தப்பு என்று சொல்லலாம். மாடு வற்றியதாகச் சொன்னவள் நாளைக்கே பாலோடு வந்தால், அவள் பொய் சொன்னாள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். வற்றிய மாடு மறுபடி கன்று போட்டால்தான் கறக்கும். அதற்கு ஒரு வருடம் ஆகும். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது.

இதைப் போய்ப் பழனியாத்தாளிடம் சொன்னேன். அவர் கேனைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஸ்டுடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட வந்ததில்லை. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மைக் முன்னால் இருந்த பிந்து எழுந்து நின்றுவிட்டாள். பழனியாத்தாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "இதுல பேசினா எல்லாத்துக்கும் கேக்குமுங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"நான் பால்காரப் பழனியாத்தா பேசறனுங்க. இருபத்தாறு ஊட்டு மாடு வத்திப்போச்சுன்னு சொன்னீங்க. வத்தலீங்க. துண்டு போட்டு மூடிட்டு என்ற வாசல் வழியாத்தான் போனீங்க. நான் பாத்துட்டுத்தான் நின்னேன். என்னைத் திருடின்னு நெனச்சீங்க. நெனச்சதைத் தப்புன்னு சொல்லமாட்டனுங்க. நம்பர் குறைஞ்சா யாரா இருந்தாலும் நெனப்பாங்க. ஆனா ஒருத்தராச்சும் நேரா வந்து, 'ஏனுங்க பழனியாத்தா, ஏமாத்தறீங்களா?'ன்னு கேட்டிருந்தீங்கன்னா, இல்லீங்கன்னு சொல்லியிருப்பேன். கல்லை வெச்சுக் காட்டியிருப்பேன். மாடு வத்திப்போச்சுங்கறவிய கிட்ட நான் என்னத்தைச் சொல்றதுங்க? ரெண்டு மாசமா பதிலை வாயில வெச்சுக்கிட்டே இருக்கறேன். கேக்கறதுக்குத்தான் ஆளு இல்லை."

என் விரல் மைக்கை அணைக்கும் பொத்தான் மேல் இருந்தது. நேரலையில் ஊர்க்காரர்களைப் பொய்யர்கள் என்று ஒருவர் சொல்லும்போது அணைக்க வேண்டியது என் வேலை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

"வத்துன மாடா இருந்தாலும் பரவாயில்லீங்க, நாளைக்கு வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க." அவர் எழுந்தார். "அவ்வளவுதானுங்க. பாட்டைப் போடுங்க அம்மணி."

பாட்டைப் போடப் போய் வானிலை அறிக்கையைப் போட்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கே சாய்ப்பில் இருந்தேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆறு மணிக்கு எதிர்வீட்டு ரேடியோவில் எங்கள் இசை வந்தது. தராசு அமைதியாக இருந்தது. தெருவும் அப்படியே இருந்தது. ஆறு இருபதுக்குப் பாவாத்தாள் வந்தார். போசி மேல் துண்டு இல்லை. தராசுக்கு முன்னால் வந்து நின்று, பழனியாத்தாளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாடு நல்லாத்தான் கறந்துச்சுங்க. நாந்தான் உங்களைத் திருடின்னு நெனச்சுப்போட்டேன்."

"நான் திருடலீங்க," என்றார் பழனியாத்தாள்.

"தெரியுதுங்க."

இவ்வளவுதான் பேச்சு. பழனியாத்தாள் பாலை வாங்கித் தராசில் வைத்தார். சீட்டு எழுதும்போது இரண்டு சீட்டைக் கிழித்துப் போட்டு மூன்றாவதில்தான் எழுதினார். அதற்குள் தெருமுனையில் இன்னும் நான்கு பேர் தெரிந்தார்கள். என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை.

அந்த ஆறு நாளில் பத்தொன்பது வீடு திரும்பியது. மாதக் கடைசியில் நூற்றுப் பதினான்கு லிட்டர். வண்டி நிற்கவில்லை. ஏழு வீடு இன்றுவரை பக்கத்து ஊரில்தான் ஊற்றுகிறது. அவர்களைத் தெருவில் பார்த்தால் பழனியாத்தாள் "வாங்க" என்கிறார், அவர்களும் "வாரனுங்க" என்கிறார்கள், வருவதில்லை.

வண்டி தொடர்ந்து வரும் என்று கம்பெனியில் சொன்ன அன்று சாய்ப்புக்குப் போனேன். அவர் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அக்கா, என் மேல கோபம் இருக்குதுங்களா?"

எந்த வீடாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், இதற்கு ஒரே பதில்தான் உண்டு. சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, காப்பி குடிங்க. அதற்காகத்தான் கேட்டேனோ என்னவோ.

பழனியாத்தாள் கடைசி கேனின் மூடியை அழுத்தி மூடினார்.

"இருக்குதுங்க அம்மணி," என்றார். "நெறைய இருக்குது. போகறதுக்கு நாளாகும்."

சரிங்க்கா என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் நின்று கேனைப் பிடித்துக்கொடுத்தேன்.